முன்சக்கரம் நடுவுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது: 1/10 ரிமோட் பக்கி, ஸ்டியரிங் உதவி தேவை

செம்மண்_கோவை

எல்லாருக்கும் வணக்கம். 1/10 அளவில், பின்சக்கரத்துக்கு மட்டும் பவர் போகும் எலெக்ட்ரிக் பக்கி (ரிமோட்டில் ஓட்டும் மண் ரேஸ் கார்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். போட்டிக்கென்றே வந்த கிட்தான், மோட்டார் நடுவில் உட்காரும் வகை, ஆனால் இப்போது கடையில் இருப்பதற்கு ஒரு தலைமுறை முந்தையது. ஓட்டுவது செம்மண் தரையில். அடியில் கெட்டி, மேலே பொடி மண், ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்ன ஜம்ப்.

பிரச்சினை என்னவென்றால், இடது திருப்பி ரிமோட்டின் வீலை விட்டால் கார் நேராகப் போகாமல் லேசாக இடப்பக்கமே சாய்ந்து போகிறது. வலது திருப்பி விட்டால் வலப்பக்கம். ரிமோட்டில் டிரிம் (நடுவை நகர்த்தும் திருத்தம்) வைத்து ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் இரண்டு மடங்காகிவிடுகிறது. அதோடு ஜம்ப் தாண்டி இறங்கும்போது எப்போதும் வலப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டுகிறது, பிடிக்க முடிவதில்லை. இன்னொன்று, இடது வட்டம் பெரிதாகவும் வலது வட்டம் சிறிதாகவும் இருக்கிறது.

இதுவரை செய்தவை: சர்வோவை (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) மாற்றிப் புதிதாக மெட்டல் கியர், 15 கிலோ டார்க் போட்டேன். முன் ஷாக்கில் 30 வெயிட் (கெட்டித்தன்மை எண்) ஆயிலை எடுத்துவிட்டு 40 ஊற்றினேன். நேராகப் போகட்டும் என்று இரண்டு பக்கமும் 2 டிகிரி டோ-இன் (டயரின் முன்முனை உள்ளே பார்ப்பது) வைத்தேன். சாய்வு அப்படியேதான் இருக்கிறது, இப்போது வளைவில் உள்ளே திரும்பவும் மறுக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

டிரிம்_டிரிம்

ஸ்டியரிங் கைரோ (கார் திசை மாறினால் தானே ஸ்டியரிங்கைத் திருத்தும் சென்சார்) ஒன்று வாங்கி ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவில் மாட்டிவிடுங்கள். நேர்கோட்டில் ரயில் மாதிரி போகும். நான் டிரிஃப்ட் காரில் அதுதான் வைத்திருக்கிறேன்.

கிங்பின்_அண்ணாச்சி

கைரோ டிரிஃப்ட் காருக்குச் சரி. இங்கே போட்டால் நோய் இருக்கும், காய்ச்சல் மட்டும் தெரியாது. ரேஸ் பக்கிக்குப் பெரும்பாலான போட்டிகளில் அதை அனுமதிக்கவும் மாட்டார்கள்.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கார் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் டிரிம், லிங்க் நீளம், பேரிங் என்று அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். இந்த முறை இடது, அடுத்த முறை வலது என்று கணக்கே இல்லாமல் போனால் எங்கேயோ லூசு, ஆட்டம் இருக்கிறது. ஆனால் கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினீர்களோ அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது என்றால் அது உராய்வு. ஏதோ ஒரு மூட்டு பிடிக்கிறது. ரிமோட்டில் என்ன செய்தாலும் போகாது.

புது சர்வோ போட்டும் மாறவில்லை என்றீர்களே, சர்வோ சேவர் (இடி சர்வோவுக்குப் போகாமல் காக்கும் ஸ்பிரிங் மூட்டு) இருக்கிறதா? இருந்தால் நடப்பது இதுதான்: சர்வோ தன் வேலையைச் செய்து சரியாக நடுவுக்கு வந்துவிடுகிறது, ஆனால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பதால் சேவரில் இருக்கும் ஸ்பிரிங் வளைந்துகொடுத்துவிடுகிறது, சக்கரம் கொஞ்சம் பாக்கி வைத்து நின்றுவிடுகிறது. 15 கிலோ இல்லை, 40 கிலோ சர்வோ போட்டாலும் அந்த ஸ்பிரிங்கின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, சர்வோ ஹார்னிலிருந்து (சர்வோ அச்சில் மாட்டும் கை) ஸ்டியரிங்குக்குப் போகும் லிங்கின் பால் கப்பை (உருண்டையான பாலின் மேல் மாட்டும் மூட்டு) எடுத்துவிடுங்கள். முன் ஷாக்குகளையும் கழற்றுங்கள். இப்போது காரைக் கையில் பிடித்து இடப்பக்கம் சாய்த்தால் இரண்டு முன்சக்கரமும் தம் எடையிலேயே அந்தப் பக்கம் சரிய வேண்டும். வலப்பக்கம் சாய்த்தாலும் அப்படியே. சரியவில்லை என்றால் ஒவ்வொரு பால் கப்பாகக் கழற்றிக்கொண்டே போங்கள், எதைக் கழற்றியதும் ஃப்ரீ ஆகிறதோ அங்கேதான் திருடன். அதுவரை ஆயிலையும் டோவையும் தொடாதீர்கள்.

செம்மண்_கோவை

நன்றி அண்ணாச்சி. ஆமாம், சர்வோ மேலேயே மாட்டும் வகை சேவர் இருக்கிறது. இன்று இரவு பார்க்கிறேன்.

சிங்கை_ரிப்டயர்

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பால் கப்புக்குப் பல கிட்களில் பக்கம் உண்டு. ஒரு முகத்தில் சின்ன எழுத்தோ கோடோ இருக்கும், மேனுவலில் அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள். மாற்றிப் போட்டால் உள்ளே போகும், ஆனால் இறுகப் பிடிக்கும். செகண்ட் ஹேண்ட் காரில் இதை நிறையப் பார்க்கலாம். சரியாகப் போட்டும் டைட்டாக இருந்தால், பாலின் மேல் வைத்தபடியே கப்பை பிளையரால் லேசாக ஒரு அழுத்து, கால் சுற்று திருப்பி இன்னொரு அழுத்து. போதும். ரொம்ப அமுக்கினால் அடுத்த இடியில் கழன்று வரும்.

கிங்பின் ஸ்க்ரூவையும் பாருங்கள். ஸ்டியரிங் பிளாக்கை (சக்கரத்தோடு திரும்பும் பாகம்) காஸ்டர் பிளாக்கில் (ஆர்ம் முனையில் இருப்பது) பிடிக்கும் அந்த இரண்டு ஸ்க்ரூவும் இறுக்கி முடித்ததும் பிளாக் விரலால் தட்டினாலே ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் கால் சுற்று பின்னால் வாருங்கள். பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூவுக்குத் திரெட் லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) போட வேண்டாம், அது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

கார்பெட்_டொரண்டோ

நாங்கள் ஓடுவது உள்ளரங்கக் கார்பெட்டில், மண் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் இடது வலது வட்டம் வேறுபடுவதற்கு எல்லாத் தரையிலும் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஹார்ன் நடுவில் உட்காரவில்லை.

புது சர்வோவின் அச்சில் பல் எண்ணிக்கை பெரும்பாலும் 25 என்று இருக்கும். 360-ஐ 25-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி. அதாவது ஹார்னை ஒரு பல் தள்ளி மாட்டினால் கிட்டத்தட்ட 15 டிகிரி கோணல். அதை சப்-டிரிம்மால் (சர்வோவின் நடுவை ரிமோட்டில் மாற்றும் அமைப்பு) இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் சர்வோவின் ஓட்டம் குறைந்துபோயிருக்கும். அதனால் ரிமோட்டில் டிரிம், சப்-டிரிம் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சர்வோவுக்கு கரண்ட் கொடுத்து அது நடுவில் நிற்கும்போது ஹார்னை மாட்டுங்கள். ஹார்ன் செங்குத்தாக நிற்க வேண்டியது சர்வோ பெட்டிக்கு இல்லை, லிங்குக்கு. இரண்டுக்கும் நடுவில் 90 டிகிரி. மிச்சமிருக்கும் சில டிகிரிக்கு மட்டும் சப்-டிரிம்.

அப்புறம் இரண்டு பக்கமும் முழுவதாகத் திருப்பி, சக்கரம் ஸ்டாப்பில் இடிப்பதற்குச் சற்று முன்பே நிற்கும்படி எண்ட் பாயிண்டை (சர்வோ எதுவரை திரும்பலாம் என்ற எல்லை) தனித்தனியாக வையுங்கள். முழுத் திருப்பத்தில் சர்வோ ‘ங்ங்’ என்று முனகிக்கொண்டே இருந்தால் அது இடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம், சூடாகிச் செத்துப்போகும்.

செம்மண்_கோவை

பார்த்துவிட்டேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

லிங்கைக் கழற்றிக் காரைச் சாய்த்தால் சக்கரம் நகரவே இல்லை. கையால் தள்ளினால் போகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. இடது பக்கம், வலது பக்கம் என்று வெளி பால் கப்புகளைக் கழற்றினேன். ஸ்டியரிங் பிளாக் இரண்டும் நன்றாகத் தொங்கி ஆடுகின்றன, கிங்பின்னில் குறை இல்லை. ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு பெல்கிராங்க்கில் (சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கைகள்) இடது பக்கத்தது மட்டும் அசைக்கவே டைட். அதன் மேல் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, திரும்ப இறுக்கினால் பிடித்துக்கொள்கிறது. தளர்த்தியே விட்டுவிடலாமா?

இன்னொரு விஷயம், ஷாக்குகள் இல்லாமல் முன் ஆர்மை (சக்கரத்தைத் தாங்கும் கை) தூக்கி விட்டால் இடது ஆர்ம் தடாலென்று விழுகிறது. வலது ஆர்ம் பாதி வரை வந்து நின்று, அப்புறம் மெதுவாக இறங்குகிறது. கையால் மேலே தூக்கும்போதும் அதே இடத்தில் ஒரு இறுக்கம்.

கிங்பின்_அண்ணாச்சி

தளர்த்தி விடாதீர்கள். மண்ணில் ஓடும் காரில் தளர்ந்த ஸ்க்ரூ இரண்டு பேட்டரிக்குள் கழன்று விழும், அதற்குள் பெல்கிராங்க் மேலும் கீழும் ஆடி டோவை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும்.

பெல்கிராங்க்கைக் கழற்றி மேலேயும் கீழேயும் பேரிங்கைப் பாருங்கள். பேரிங்குக்கும் மேல் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஷிம் வளையம் இருக்க வேண்டும், காகிதம் போல இருக்கும். பலரும் கழற்றும்போது அது பேரிங்கோடு ஒட்டிக்கொண்டு வந்து, துடைக்கிற துணியோடு போய்விடும். அந்த ஷிம்முக்கு ஒரே வேலைதான்: பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொட்டு நிற்பது. அது இல்லையென்றால் ஸ்க்ரூவை இறுக்கும்போது பிளேட் வெளிவளையத்தையும் பெல்கிராங்க்கின் முகத்தையும் சேர்த்து அமுக்கும், சுற்ற வேண்டியது பிரேக் ஆகிவிடும். வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வலது ஆர்ம் கதை வேறு, அது ஹிஞ்ச் பின் (ஆர்ம் ஆடும் அச்சுக் கம்பி). உருவி எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து விரலால் உருட்டுங்கள். நேராக இருந்தால் அடியில் வெளிச்சம் ஒரே மாதிரி தெரியும், வளைந்திருந்தால் ஒரு பக்கம் எழும்பி எழும்பி விழும். ஜம்ப் இறங்கும்போது வலப்பக்கம் வெட்டுவதற்கு முதல் சந்தேகம் அதுதான். இடது ஆர்ம் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, வலது ஆர்ம் பாதியில் மாட்டிக்கொள்வதால் அந்த டயர் மேல் சட்டென்று பாரம் ஏறி அந்தப் பக்கம் இழுக்கிறது.

பழைய_கிட்

ஒரு இடைச்செருகல். 1984-இல் வந்த தமியா கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் எல்லாம் ஓட்டியவர்களுக்கு முன்சக்கரம் நேராக நிற்பதே ஒரு ஆடம்பரம். முன்னால் ஒரே ஒரு ஸ்விங் ஆர்ம், அமுங்க அமுங்க சக்கரம் சாய்ந்துகொண்டே போகும், கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்) என்று ஒன்றை வைத்துப் பயனில்லை. மேலே கேம்பர் லிங்க், கீழே ஆர்ம், எதையும் வாஷர் போட்டு மாற்றலாம் என்கிற காரில் இப்படி ஒரு ஷிம் காணாமல் போய் ஆளை அலைக்கழிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சாரி தம்பி, உதவி ஒன்றும் செய்யவில்லை.

செம்மண்_கோவை

அண்ணாச்சி, இடது பெல்கிராங்க்கில் ஷிம் இல்லவே இல்லை. வலதில் இருக்கிறது. கழற்றிய பேரிங்கில் பழுப்பு நிறப் பொடி, விரலில் வைத்துச் சுற்றினால் நறநறவென்கிறது. 5×8 அளவு. என்னிடம் இருந்த ஷிம் பையில் 5×7×0.2 கிடைத்தது, போட்டு ஸ்க்ரூவை முழுதாக இறுக்கினேன், பேரிங்கும் புதிது. இப்போது காரைச் சாய்த்தால் இரண்டு சக்கரமும் தானாகச் சரிகின்றன.

வலது ஹிஞ்ச் பின் கண்ணாடியில் ஒரு முனை எழும்பி ஆடுகிறது. உள் பின், 3 மில்லி. தட்டி நிமிர்த்தலாமா? ஸ்டாக் இல்லை என்கிறார்கள், வரவழைத்தால் நாளாகும்.

கார்பெட் அண்ணா சொன்னபடி ஹார்னைப் பார்த்தேன், சப்-டிரிம் ஒரு பக்கம் கடைசி வரை போயிருந்தது. கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினேன், இப்போது சப்-டிரிம் கிட்டத்தட்ட பூஜ்யம், வட்டம் இரண்டும் ஏறத்தாழ ஒன்று.

கார்பெட்_டொரண்டோ

சிறப்பு. வட்டத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். மெதுவான வேகத்தில் முழுத் திருப்பம் வைத்து மண்ணில் ஒரு சுற்று விட்டாலே டயர் கோடு விழும், டேப் வைத்து அளந்து பெரிய வட்டத்துக்குச் சமமாகச் சின்ன வட்டத்தின் எண்ட் பாயிண்டைக் குறையுங்கள். கூட்ட முயல வேண்டாம், பெரிய வட்டம் இருக்கும் பக்கம் ஏற்கெனவே ஸ்டாப்பில் இருக்கும்.

சிங்கை_ரிப்டயர்

இனிமேல்தான் செட்டப் பேசலாம். அந்த 2 டிகிரி டோ-இன்னை எடுங்கள். முன்னால் டோ-இன் கொடுத்தால் நேர்கோட்டில் அமைதியாக இருக்கும், வளைவு ஆரம்பத்தில் மந்தமாகும். பின்சக்கர பக்கிக்கு முன்னால் பாரமே குறைவு, அதில் அதையும் சேர்த்தால் கார் எப்படித் திரும்பும்? பூஜ்யத்தில் ஆரம்பித்து, வேண்டுமானால் அரை டிகிரி, ஒரு டிகிரி டோ-அவுட் போங்கள். கேம்பர் நெகட்டிவ் ஒரு டிகிரி, ரைட் ஹைட்டில் (தரைக்கும் காரின் அடிக்கும் உள்ள உயரம்) கார் நிற்கும்போது. பேட்டரியோடு ஒரு அடி உயரத்திலிருந்து விட்டுவிட்டு, அது உட்கார்ந்த நிலையில் அளந்து பாருங்கள். மண்ணுக்கு முன்னால் 22 மில்லி வைத்து ஆரம்பிக்கலாம்.

டர்ன்பக்கிளில் (திருப்பி நீளம் மாற்றும் லிங்க் கம்பி) ஒரு பக்கம் சின்னக் காடி வெட்டியிருக்கும், அதுதான் இடது திரெட் முனை. எல்லா லிங்கிலும் காடி ஒரே பக்கம் வரும்படி மாட்டிவிட்டால் பிறகு எந்தப் பக்கம் திருப்பினால் நீளும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டாம்.

ஆயில் பற்றி: 40 வேண்டாம், 30-க்கே திரும்புங்கள். வெயிட் எண்ணை நம்பாமல் பாட்டிலில் சிஎஸ்டி (ஆயிலின் பாகுத்தன்மை அலகு) எண்ணைப் பாருங்கள், ஒரு கம்பெனியின் 30 இன்னொரு கம்பெனியின் 30 இல்லை. பொதுவாக 30 என்பது ஏறக்குறைய 350 சிஎஸ்டி. இங்கேயும் கோவையிலும் மதிய வெயிலில் ஆயில் இளகத்தான் செய்யும், அதற்காகக் கொஞ்சம் கெட்டியாகப் போவது சரி, ஆனால் 350-லிருந்து 400 வரைதான். ரொம்பக் கெட்டியானால் சின்ன மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பும், தரையில் இல்லாத டயர் எங்கே திருப்புவது. ஷாக்கைக் கட்டியதும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றாக அமுக்கி விடுங்கள், ஒரே வேகத்தில் ஒரே அளவு வெளியே வர வேண்டும். நீளத்தையும் காலிப்பரில் பாருங்கள், அரை மில்லி வித்தியாசம்கூட ஜம்ப்பில் தெரியும்.

செம்மண்_கோவை

ஒரு சந்தேகம். காஸ்டரை (கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைத்தால் இன்னும் திரும்புமா? என் காரில் கிக்-அப் (முன்பக்க ஆர்ம்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 25, காஸ்டர் பிளாக் 5. பூஜ்ய பிளாக்கும் பையில் இருக்கிறது.

சிங்கை_ரிப்டயர்

இரண்டையும் கூட்டினால் 30 வருகிறது. பிளாக்கைக் குறைத்தால் வளைவு ஆரம்பத்தில் சட்டென்று திரும்பும், ஆனால் நேர்கோட்டில் நடுவுக்குத் தானாக வரும் குணம் குறையும், மேடு பள்ளத்தில் பதறும். இப்போதுதானே நடுவுக்கு வர வைத்திருக்கிறீர்கள். ஹிஞ்ச் பின் கிடைத்து நாலு பேட்டரி ஓட்டிய பிறகு, காரில் வேறு எதையும் மாற்றாமல் பிளாக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கிங்பின்_அண்ணாச்சி

பின்னை நிமிர்த்த வேண்டாம். கண்ணுக்கு நேரானாலும் கண்ணாடி ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொண்டாலும் வளைந்த இடத்தில் மறுபடி வளையும். நீங்கள் கோவையில் இருந்துகொண்டு 3 மில்லி பின்னுக்கு வெளியூர் கடையைப் பார்த்துக் காத்திருப்பது நியாயமா? கணபதி பக்கம் எந்த லேத் பட்டறையிலும் 3 மில்லி சில்வர் ஸ்டீல் ராட் என்று கேளுங்கள், பழைய பின்னைக் காட்டி அதே நீளத்துக்கு வெட்டி, முனையை லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள். வெட்டிய பிசிர் இருந்தால் உள்ளே போகும்போதே ஆர்மின் துளையைச் சீவிவிடும். டிரில் பிட்டின் காம்பை வெட்டிப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அது வளையாது, ஒடியும், ஒடிந்த துண்டை ஆர்முக்குள்ளிருந்து எடுப்பதற்குள் உயிர் போகும்.

ஹிஞ்ச் பின் போட்டதும் ஷாக் மாட்டுவதற்கு முன் இன்னொன்று. ஆர்மை மேலும் கீழும் அசைத்தபடி மேலிருந்து டயரைப் பாருங்கள், அசையும்போது டயரின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்புகிறதா என்று. அதுதான் பம்ப் ஸ்டியர். ஸ்டியரிங் பிளாக்கில் பால் ஸ்டட்டுக்கு அடியில் வாஷர் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா?

செம்மண்_கோவை

ஐயோ, இல்லை. இடதில் 1 மில்லி வாஷர் ஒன்று, வலதில் ஒன்றுமே இல்லை. நான் கழற்றியதே கிடையாது, வரும்போதே இப்படித்தான் வந்திருக்கிறது. எது சரி?

கிங்பின்_அண்ணாச்சி

மேனுவலில் போட்டிருப்பதுதான் சரி. கிடைக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக்கி, வாஷரோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஆர்மை அசைத்துப் பாருங்கள். எதில் டயர் குறைவாகத் திரும்புகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வாஷர் மாற்றினால் டோவும் மாறும், கடைசியாக அதை மறுபடி அளக்க வேண்டும்.

செம்மண்_கோவை

ஹிஞ்ச் பின்னை லேத்தில் போட்டு வாங்கினேன், டீ காசுகூட ஆகவில்லை. வலது ஆர்ம் இப்போது இடதைப் போலவே விழுகிறது. இரண்டு பக்கமும் 1 மில்லி வாஷர் போட்டதில் டயர் அசைவு ரொம்பக் குறைவு. டோ பூஜ்யம், ஆயில் 350 சிஎஸ்டி, ரைட் ஹைட் 22. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். வீலை விட்டால் கார் நேராகப் போகிறது, ஜம்ப்பில் இறங்கியதும் திருப்பாமலேயே அடுத்த வளைவு வரை வருகிறது. ஆனால் இப்போது வளைவு நடுவில் திராட்டில் கொடுத்தால் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. முன்னால் பித்தளை வெயிட் வைக்கலாமா?

சிங்கை_ரிப்டயர்

முதலில் முன் ரிப் டயரின் (சுற்றிலும் நீள வரிகள் உள்ள டயர்) விளிம்பைப் பாருங்கள். ரிப்பின் ஓரம் உருண்டுபோயிருந்தால் எவ்வளவு பித்தளை வைத்தாலும் மண்ணைக் கடிக்காது. ஒரு போட்டோ போடுங்கள்.